மண்ணுக்குள் ஒரு பெட்டி: கோபே நகரின் டைக்காய் நிலையத்தை வைத்து சுரங்க ரயில் நிலையத்தைப் புரிந்துகொள்வது

ஜப்பானில் வாடகை வீட்டு விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: நிலையத்திலிருந்து நடந்து இத்தனை நிமிடம். வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குப் போடும் எண் இல்லை அது. சாலை வழியாக அளந்து, 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும். மிச்சம் வந்தால் அதையும் முழு நிமிடமாக்க வேண்டும் என்று விளம்பர விதியே இருக்கிறது. ஐந்து நிமிடம் என்று போட்டால் வீடு 400 மீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். ஒரு குடியிருப்புப் பகுதியில் சுரங்க நிலையம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு வரியே போதும். ஆனால் அன்றாடம் அந்தப் படிகளில் இறங்கி ஏறுகிறவர்களிலும் பலருக்கு, தலைக்கு மேல் எத்தனை டன் மண் இருக்கிறது, அதை எது தாங்குகிறது என்பது தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உதாரணமாக எடுத்துக்கொள்வது டைக்காய் நிலையம். கோபே நகரில் ஹியோகோ வார்டில், வீடுகளும் சிறு கடைகளும் நிறைந்த பகுதியில், அகலமான ஒரு சாலைக்கு நேர் கீழே இருக்கிறது. 1968 ஏப்ரல் 7 அன்று திறக்கப்பட்ட பாதை இது. கோபேக்கு வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல். நடுவில் ஒரு பட்டைபோலக் கிடக்கிறது ஊர். அந்தப் பட்டையின் கிழக்கிலிருந்து வந்த ஹன்ஷின், ஹான்க்யூ ரயில்களும் மேற்கிலிருந்து வந்த சன்யோ ரயிலும் நகர நடுவில் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நின்றுகொண்டிருந்தன. அவற்றை இணைக்கத்தான் தரைக்கடியில் இந்தப் பாதை போடப்பட்டது. அதைக் கட்டிய நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு ரயில் பெட்டிகூடக் கிடையாது. தண்டவாளமும் நிலையங்களும் அதனுடையவை, ஓடுபவை மற்ற நிறுவனங்களின் ரயில்கள். கிழக்கே ஷின்காய்ச்சியும் மேற்கே கொசொக்கு நகாதாவும் பக்கத்து நிலையங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில். ஹான்க்யூ ரயில்கள் இப்போது ஷின்காய்ச்சியோடு திரும்பிவிடுகின்றன. ஆகவே டைக்காயில் நிற்பவை ஹன்ஷின், சன்யோ ரயில்கள்தாம். சில விரைவு ரயில்கள் நிற்காமலே போய்விடும்.

வெளியூர்க்காரர் தேடிப்போய்ப் பார்க்க இங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சுரங்க நிலையம் என்றால் என்ன என்று கேட்டால், உலகத்துப் பொறியாளர்கள் முதலில் காட்டும் நிலையங்களில் இது ஒன்று. காரணம், 1995-இல் இது இடிந்து விழுந்தது.

மேலிருந்து வெட்டு, கட்டு, மூடு

சுரங்கப்பாதை என்றதும் ராட்சத எலிபோல மண்ணைக் குடைந்துபோகும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு அது சரி. அது விட்டுப்போவது வட்டமான குழாய். நிலையத்துக்குக் குழாய் போதாது: நடைமேடை வேண்டும், படிக்கட்டு வேண்டும், டிக்கெட் வாயில் வேண்டும். அதனால் அதிக ஆழமில்லாத நிலையங்களை இன்றும் பெரும்பாலும் மேலிருந்து பள்ளம் தோண்டி, அதற்குள் கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். ஜப்பானியர் இந்த முறையைக் கைசாக்கு என்பார்கள்.

தனியார் நிலத்துக்கு அடியில் தோண்டினால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் உரிமை வாங்க வேண்டும். சாலைக்கு அடியில் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இவ்வகை நிலையங்கள் பெரும்பாலும் சாலைக்குக் கீழேயே நீளவாக்கில் படுத்திருக்கின்றன. ஆனால் சாலையை ஆண்டுக்கணக்கில் மூடிவைக்க முடியாது. அங்கேதான் வேலையின் நுணுக்கம் இருக்கிறது.

முதல் வேலை, சாலைக்கடியில் ஏற்கெனவே இருக்கும் எரிவாயு, குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் கேபிள்களையும் கண்டுபிடிப்பது. பழைய வரைபடத்தை நம்பி இயந்திரத்தை இறக்கினால் குழாய் உடையும். ஆகவே குறுக்கே சிறு பள்ளங்களைக் கையால் தோண்டிப் பார்க்கிறார்கள். நகர்த்தக் கூடியதை நகர்த்துவார்கள். முடியாததைப் பள்ளத்தின் மேல் உத்தரங்களிலிருந்து தொங்கவிடுவார்கள். பிறகு சாலையின் இருபுறமும் எஃகு உத்தரங்களை வரிசையாக மண்ணுக்குள் செங்குத்தாக இறக்குவார்கள். இதுதான் பள்ளத்தின் தற்காலிகச் சுவர். அவற்றின் மேல் குறுக்கு உத்தரம் வைத்து, ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் கனம் கொண்ட எஃகுப் பலகைகளைப் பரப்பிவிட்டால் சாலை திரும்பி வந்துவிடும். மேலே பேருந்து போகும், கீழே தோண்டிக்கொண்டிருப்பார்கள். இரவில் நாலைந்து பலகைகளைத் தூக்கி மண்ணை வெளியேற்றி, விடிவதற்குள் மூடிவிடுவது வழக்கம்.

ஆழம் போகப் போக இருபுறச் சுவர்களும் உள்நோக்கி வரப் பார்க்கும். அதற்குக் குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு வைக்கத் தாமதித்தால் சுவர் கொஞ்சம் வயிறு தள்ளும். அந்தக் கொஞ்சமே பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசலாகத் தெரியும். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தாலும் அப்படித்தான். நீர் வடிந்த மண் அமுங்கும், அதன் மேலிருக்கும் வீடு சாயும். குடியிருப்புப் பகுதியில் தோண்டும்போது சுற்றியுள்ள கட்டடங்களின் மட்டத்தையும் சாய்வையும் விடாமல் அளந்துகொண்டே இருப்பது இதனால்தான்.

அடி தொட்டதும் கீழ்த்தளம், பக்கச் சுவர்கள், நடுத்தூண்கள், கூரை என்று கீழிருந்து மேலாகக் கான்கிரீட் போட்டு, வெளிப்புறம் நீர் புகாத உறை ஒட்டி, மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்குவார்கள். கடைசியாகச் சாலை.

டைக்காய் பெட்டியின் அளவுகள்

டைக்காயின் முக்கியப் பகுதி 17 மீட்டர் அகலமும் 7.17 மீட்டர் உயரமும் கொண்ட பெட்டி. கூரைக்கு மேல் 4.8 மீட்டர் மண். ஆக, பெட்டியின் அடி சாலையிலிருந்து 12 மீட்டர் கீழே. நீளம் 120 மீட்டர். ஆறு பெட்டிகள் கொண்ட ஹன்ஷின் ரயில் ஏறத்தாழ 114 மீட்டர். அது நிற்கத் தேவையான நீளம்தான் நிலையத்தின் நீளம். குடியிருப்பு நிலையங்களில் வீண் இடம் இருக்காது. வீணாகத் தோண்டும் ஒவ்வொரு மீட்டரும் பணம்.

நடுவில் இரண்டு தண்டவாளப் பாதைகள், இருபுறமும் சுவரை ஒட்டி ஒவ்வொரு நடைமேடை. கிழக்கே போகிறவரும் மேற்கே போகிறவரும் எதிரெதிர் நடைமேடையில் நிற்பார்கள். இந்த அமைப்பில் பாதைகள் நிலையத்துக்குள் வரும்போது விலகிப் பிரிய வேண்டியதில்லை. நேராக வந்து நேராகப் போகலாம், தோண்டும் அகலம் குறையும். புதிதாக வருகிறவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: கீழே இறங்குமுன் திசைப் பலகையைப் பாருங்கள். தவறான படியில் இறங்கினால் மறுபடி ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இனி நடுத்தூண். இரண்டு பாதைகளுக்கும் நடுவே, 3.5 மீட்டருக்கு ஒன்றாக 35 தூண்கள். ஒவ்வொன்றும் பாதையின் நீளவாக்கில் ஒரு மீட்டர், குறுக்கே 40 சென்டிமீட்டர் மட்டும். இருபக்கமும் ரயில் போகிறது. தூண் தடித்தால் பெட்டியும் அகல வேண்டும். அதனால் ஒல்லி. உயரம் 3.82 மீட்டர்.

இந்த ஒல்லித் தூண் எதைச் சுமக்கிறது என்று நாமே கணக்குப் போடலாம். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறத்தாழ 1.9 டன். 4.8 மீட்டர் மண் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையின் மேலும் 9 டன். ஒரு தூணின் பங்குக்கு வரும் கூரை, நீளத்தில் 3.5 மீட்டர், அகலத்தில் மொத்தத்தில் பாதியான 8.5 மீட்டர், ஏறத்தாழ 30 சதுர மீட்டர். பெருக்கினால் 270 டன். கான்கிரீட் கூரையின் எடையையும் சேர்த்தால் 300 டன்னைத் தாண்டும். இரவு பகலாக, ரயில் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு தூணின் தலையில் இருக்கும் பாரம் இது. அந்தப் பாரத்தை நேராகத் தாங்கும் பலம் அந்தத் தூண்களுக்கு இருந்தது. 1968-லிருந்து 1995 வரை தாங்கின.

1995 ஜனவரி 17, காலை 5.46

ஹன்ஷின்-அவாஜிப் பெருநடுக்கம், ஜப்பானிய அளவில் 7.3. ஊர் முழுவதும் வீடுகளும் நெடுஞ்சாலைப் பாலங்களும் சரிந்தன; 6,434 பேர் இறந்தார்கள். தரைக்கடியில் டைக்காயின் நடுத்தூண்களில் பெரும்பாலானவை நொறுங்கின. கூரை நடுவில் மடிந்து இறங்கியது. பக்கச் சுவர்கள் நின்றன. மேலே உள்ள சாலை ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்துக்கு அமுங்கி, ஆழமான இடத்தில் இரண்டரை மீட்டர் உள்ளே போனது. குறுக்குவெட்டில் பார்த்தால் பெட்டி ஆங்கில எம் எழுத்துபோல ஆகிவிட்டிருந்தது.

பொறியாளர்கள் அதிர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. தரைக்குமேல் நிற்கும் கட்டடம் நடுக்கத்தில் தன் எடையாலேயே ஊசலாடும். புதைந்த கட்டமைப்பு மண்ணோடு மண்ணாக அசையும், ஆகவே பாதுகாப்பானது என்பதே அதுவரை இருந்த நம்பிக்கை. டைக்காயை 1960-களின் தொடக்கத்தில் வடிவமைத்தபோது நிலநடுக்கத்தைத் தனியாகக் கணக்கில் எடுக்கவே இல்லை. அது கவனக்குறைவு அல்ல, அக்கால வழக்கம். அந்த நம்பிக்கை முழுப் பொய்யும் இல்லை. கோபேயின் குடைந்த சுரங்கப்பாதைகள் பெரும்பாலும் சிறு சேதத்தோடு தப்பின. ஆழமில்லாத, அகலமான, நடுவில் தூண் வைத்த நிலையப் பெட்டிகள்தாம் அடிபட்டன. டைக்காயோடு, நகராட்சிச் சுரங்க ரயிலின் கமிசாவா, சன்னோமியா நிலையங்களிலும் நடுத்தூண்கள் சேதமாயின. பூமிப் பிளவோ மண் நீராக இளகுவதோ இல்லாமல், வெறும் அதிர்வாலேயே ஒரு சுரங்க நிலையம் இடிந்தது டைக்காயில்தான் முதன்முறை என்று கருதப்படுகிறது.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தீப்பெட்டி போதும். உள்ளே இருக்கும் தட்டை எடுத்துவிட்டு, வெறும் உறையை மேசைமேல் வைத்து, மேல்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகம் சாய்ந்து சாய்சதுரம்போல ஆகும். நடுக்கத்தின்போது மண்ணின் மேலடுக்கு கீழடுக்கைவிட அதிகமாக அசைகிறது. பெட்டியின் கூரை மேல்மண்ணோடு போகிறது, அடித்தளம் கீழ்மண்ணோடு நிற்கிறது. நடுவில் உள்ள தூணுக்குத் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இதுவே சில நொடிகளில் பலமுறை இடமும் வலமுமாக மாறுகிறது.

தலையில் 300 டன் இல்லாமல் இருந்திருந்தால் தூண் இந்தச் சாய்வைப் பொறுத்திருக்கலாம். பாரத்தைச் சுமந்துகொண்டே சாய்ந்ததால்தான் ஆபத்து. நிலையத்தின் ஒரு சிறு பகுதியில் மேலே டிக்கெட் வாயில் தளம் இருக்கிறது. அங்கே கூரைக்கு மேல் மண் இரண்டு மீட்டர் அளவுதான். அந்தப் பகுதியின் தூண்கள் லேசான சேதத்தோடு நின்றன. ஒரே நிலையம், ஒரே நடுக்கம், சற்றுத் தள்ளி. மேலே இருந்த மண்ணின் எடைதான் பெரிய வேறுபாடு. இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ரிங் கம்பி

அடுத்த கேள்வி: தூண் ஏன் வளையாமல் நொறுங்கியது? பதில் தூணுக்குள் இருக்கிறது.

கான்கிரீட் தூணில் இரண்டு வகைக் கம்பி உண்டு. செங்குத்தாக நிற்பது முதன்மைக் கம்பி. அவற்றைச் சுற்றிக் குறுக்கே கட்டுவதைத்தான் நம்மூர் கம்பி கட்டுகிறவர்கள் ரிங் என்கிறார்கள். ரிங் பாரத்தைச் சுமப்பதில்லை. அது கட்டிப் பிடிக்கிறது. ஒரு கரும்புக் கட்டை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நாலைந்து இடத்தில் கயிறு போட்டிருந்தால் கட்டு நிற்கும். ஒரே ஒரு கயிறு என்றால் கரும்புகள் வெளியே பிதுங்கிக் கட்டு சரியும். கரும்பின் பலம் இரண்டிலும் ஒன்றுதான்.

டைக்காய்த் தூணில் முதன்மைக் கம்பிகள் தாராளமாகவே இருந்தன. ரிங் மட்டும் 9 மில்லிமீட்டர் கம்பியில், 35 சென்டிமீட்டருக்கு ஒன்று. 3.82 மீட்டர் உயரத்துக்குப் பத்துப் பதினொரு ரிங்தான். இன்று நம் ஊரில் ஒரு சாதாரண மாடிவீட்டுத் தூணிலேயே பொதுவாக 15 சென்டிமீட்டருக்கு ஒரு ரிங் கட்டுகிறோம். டைக்காயில் தூண் சாய்ந்தபோது கான்கிரீட்டில் மூலைவாட்டில் விரிசல் விழுந்தது, அதைப் பிடித்துவைக்க ரிங் போதவில்லை. ரிங் அவிழ்ந்ததும் செங்குத்துக் கம்பிகள் வில்லாக வெளியே வளைந்தன. உடைந்த கான்கிரீட் உதிர்ந்தது, 300 டன் கீழே வந்தது. ஒரு தூண் போனதும் அதன் பாரம் பக்கத்துத் தூணுக்குப் போகும். அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது.

பழுதுபார்த்த முறையும் கவனிக்கத் தக்கது. மேலிருந்து மறுபடி தோண்டி, மண்ணையும் விழுந்த கூரையையும் உடைந்த தூண்களையும் அகற்றிவிட்டு, வலுவான புதிய தூண்களும் புதிய கூரையும் கட்டினார்கள். அதாவது முதல்முறை கட்டிய வேலையில் பெரும்பகுதி இரண்டாம் முறை. 1995 ஆகஸ்ட் 13 அன்று ரயில்கள் ஓடத் தொடங்கின, ஆனால் டைக்காயில் நிற்காமல் போயின. நிலையம் திறந்தது 1996 ஜனவரி 17, சரியாக ஓராண்டு கழித்து. அந்த ஓராண்டும் அப்பகுதி மக்கள் பக்கத்து நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தார்கள். விளம்பரக் கணக்கில் பதின்மூன்று நிமிடம்.

ஜப்பானின் மற்ற ஊர்களில் அதே காலத்தில் கட்டிய நிலையங்கள் இடியாமல் நின்றுகொண்டிருந்தன, அதே ரிங் பற்றாக்குறையோடு. அவற்றை இடித்துக் கட்ட முடியாது. எளிய வழி, பழைய தூணைச் சுற்றி எஃகுத் தகட்டால் சட்டை போட்டு, இடுக்கில் சிமென்ட் கலவை நிரப்புவது. வெளியே போட்ட சட்டை, உள்ளே இல்லாத ரிங்கின் வேலையைச் செய்கிறது. சொல்வது சுலபம், கடைசி ரயில் போனபின் முதல் ரயில் வருமுன் கிடைக்கும் மூன்று மணி நேரத்துக்குள், தூணில் ஒட்டியிருக்கும் கேபிள், விளக்கு, பலகை எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, தினமும் தளத்தைத் துடைத்துவிட்டு வெளியேற வேண்டும். பழைய ஜப்பானிய நிலையங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள தூண் வழவழப்பான எஃகாகவும், சேர்த்துப் பற்றவைத்த கோடு மேலிருந்து கீழாகவும் தெரிந்தால், அது பெரும்பாலும் இந்தச் சட்டைதான். 1999-இல் வந்த ரயில்வே நிலநடுக்க வடிவமைப்பு விதிகள், புதைந்த கட்டமைப்புகளும் மிகப் பெரிய நடுக்கத்தை எதிர்கொள்ளும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்றன.

காற்று, நீர், தீ

பெட்டி என்பதால் வரும் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ரயில் வருமுன் முகத்தில் அடிக்கும் காற்று, பாதையில் இருந்த காற்றை ரயில் தள்ளிக்கொண்டு வருவதால் வருவது. அது வெளியேற நடைபாதையிலும் சாலை நடுவிலும் கம்பி வலை போட்ட காற்றுத் துளைகள் இருக்கும். வீடுகளுக்கு அருகில் என்றால் ரயிலின் ஓசையும் அதே துளை வழியாகத்தான் வரும்.

நீர் இரண்டு பக்கமிருந்து வருகிறது. மண்ணிலிருந்து கசிவது எப்போதும் உண்டு. அதைப் பாதையின் தாழ்வான இடத்தில் தொட்டியில் சேர்த்து பம்ப் வைத்து வெளியேற்றுகிறார்கள். பம்புக்கு மின்சாரம் நின்றால் நிலையம் மெல்ல மெல்ல நிறையும், அதனால் மாற்று மின்சாரம் கட்டாயம். இன்னொன்று மேலிருந்து வரும் மழைவெள்ளம். ஃபுகுவோகா நகரில் 1999 ஜூனிலும் 2003 ஜூலையிலும் ஹக்காதா சுரங்க நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. நிலைய வாயிலில் கீழே இறங்குவதற்கு முன் இரண்டு மூன்று படி மேலே ஏற வேண்டியிருப்பது இதற்காகத்தான். வாயிலின் இருபக்கச் சுவரில் உள்ள பள்ளமான காடி, தடுப்புப் பலகையைச் செருகுவதற்கு. நீர் முழங்காலுக்கு வந்துவிட்டால் படியில் இறங்கும் நீரை எதிர்த்து ஏறுவது பெரியவர்களுக்கே கடினம். சாலையில் நீர் தேங்கத் தொடங்கும்போதே மேலே வந்துவிட வேண்டும்.

தென்கொரியாவின் தேகு நகரில் 2003 பிப்ரவரியில் நடந்த சுரங்க ரயில் தீவிபத்துக்குப் பிறகு ஜப்பான் தன் விதிகளை 2004-இல் இறுக்கியது. நடைமேடையிலிருந்து தப்ப இரண்டு வெவ்வேறு வழிகள், புகையை இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு ஆகியவை அதன் மையம். படிக்கட்டு தொடங்கும் இடத்தில் கூரையிலிருந்து அரை மீட்டர் அளவு தொங்கும் கண்ணாடிப் பட்டையைப் பலர் அலங்காரம் என்று நினைப்பார்கள். புகை கூரையை ஒட்டி ஓடும்; அந்தப் பட்டை அதைச் சற்று நேரம் தடுத்து, மக்கள் படியேற நேரம் கொடுக்கிறது.

நடுக்கம் வந்தால் உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியது

நடைமேடையில் இருந்தால் விளிம்பை விட்டு விலகி, மஞ்சள் புடைப்புக் கோட்டுக்கு உட்பக்கம் வந்து, பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். கூரையில் தொங்கும் பலகைக்கும் கடிகாரத்துக்கும் நேர்கீழே நிற்க வேண்டாம். படிக்கட்டுக்கு ஓடுவதுதான் பெரிய தவறு: எல்லோரும் ஓடுவார்கள், முதலில் விழுகிறவர் மேல் மற்றவர்கள் விழுவார்கள். மின்சாரம் போனாலும் அவசர விளக்குகள் எரியும். ரயிலுக்குள் இருந்தால் கதவைக் கையால் திறந்து இறங்கக் கூடாது. எதிர்ப்பாதையில் ரயில் வரலாம்.

முன்னெச்சரிக்கை கிடைத்ததும் ரயில்கள் நிறுத்தப்படும். அதிர்வு அடங்கிய பிறகும் உடனே கிளம்பாததைக் கண்டு பொறுமை இழக்க வேண்டாம். அதிர்வு குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால், ஊழியர்கள் கைவிளக்கோடு பாதை முழுவதும் நடந்து, தண்டவாளத்தையும் சுவரையும் ஒவ்வொரு தூணையும் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் முதல் ரயில் நகரும்.